நாத்தனார் எடுத்த போட்டோ

என் மனைவி நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் குளத்துக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே விசில் டீச்சர்தான். அப்படி ஓடியாடித் திரிந்தவள், இரண்டாவது குழந்தை பிறந்து சில வாரங்களில், எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதி வழியிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

"லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு லிஃப்ட் இல்லாத வீட்டுல குடியிருக்கேன் பாருங்க" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே. நானும் சிரிப்பேன்.

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமியார். பக்கத்துக் கிளினிக் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, தூக்கமில்லாத அசதிதான் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அந்த இ.சி.ஜி. காகிதம் நாலாக மடிந்து, பால் புட்டிகளுக்கு நடுவில் கிடந்தது.

என் தங்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஆயிரக்கணக்கான இ.சி.ஜி. படங்களையும் அதே நோயாளிகளின் ஸ்கேன் முடிவுகளையும் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். போனில் ஒரு இ.சி.ஜி.யைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதும், அந்த இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளுகிறதா, பலவீனமாகத் தள்ளுகிறதா என்று அது சொல்லிவிடும்.

சொல்ல வேண்டும். ஆனால் டாக்டர்கள் கூடியிருந்த கூட்டத்தில், காகிதத்தில் இருந்த டீக்கறையைப் பார்த்து ஏமாந்து, நல்ல ஆரோக்கியமான ஒருவரை இதய நோயாளி என்று சொல்லி மானத்தை வாங்கிவிட்டது. "டீ குடிக்கிறதே வியாதின்னா நாம எல்லாரும் அட்மிட் ஆகணும்மா" என்றாராம் பெரிய டாக்டர். தங்கை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவள் என் மனைவி. என் மனைவிக்கும் தங்கைக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகும் என்றும் சத்தியம் செய்ய முடியாது.

தங்கையின் குழு மறுபடியும் உட்கார்ந்து, கறை பட்டது, கசங்கியது, கோணலாக எடுத்தது என்று எல்லா வகைப் படங்களையும் காட்டி அதைத் தேற்றியது. தேறியதா என்று சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, உங்க இ.சி.ஜி. பேப்பர் இருக்கா? கசங்கினதா இருந்தா இன்னும் நல்லது."

"இந்த வீட்டுல கசங்காதது என்ன இருக்கு? எடுத்துக்கோ."

சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டோ எடுத்தாள். போனைப் பார்த்தவள் முகம் மாறியது. ஜன்னலோரம் கொண்டுபோய், உள்ளங்கையால் நீவிவிட்டு மறுபடியும் எடுத்தாள். பிறகு அண்ணியின் அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, மல்லாந்து படுக்க முடியுதா?"

"எங்க? தலகாணியை அடுக்கிச் சாஞ்சுக்கிட்டுதான் தூங்குறேன்."

தங்கை அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"அண்ணா, சட்டையை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பம்பிங் பலவீனமா இருக்குன்னு காட்டுது."

"டீக்கறையைப் பார்த்து ஆளை அட்மிட் பண்ணுன மெஷின்தானே?" என்றாள் மனைவி.

"அதேதான். தப்பாவே இருக்கட்டும் அண்ணி. ஒண்ணுமில்லன்னா காலம் பூரா என்னைக் கேலி பண்ணுங்க, நான் வாயே திறக்கல."

"நீ வாயைத் திறக்க மாட்டியா? அப்ப உடனே கிளம்பு."

அன்று பணியில் இருந்தது அதே பெரிய டாக்டர். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இதுல பெருசா எதுவும் தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியல மேடம். அதுக்குத் தெரியுது."

டாக்டர் என் மனைவியின் கால் வீக்கத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்தார். எக்கோ ஸ்கேன் அறைக்கு அவரே கூட்டிப்போனார்.

திரையில் இதயம் அசைந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது, மோட்டார் தெரியும். ஓடுகிறது, ஆனால் பாரத்தைத் தூக்கவில்லை என்பது எனக்கே புரிந்தது.

"பம்பிங் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "பிரசவத்தை ஒட்டிச் சில பேருக்கு இதயத் தசை இப்படித் தளர்ந்துபோகும். பார்க்க வெறும் அசதி மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து. நேரத்தோட வந்துட்டீங்க. மருந்துல தேறி வர நிறைய வாய்ப்பு இருக்கு."

என் மனைவி தலையணைகளில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்ப நான் சோம்பேறி ஆகிடல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளும் அவள் மனதில் ஓடியது அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை ஸ்கேன் முடியும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு வீட்டில் மருந்தும் ஓய்வும். வேலை முடிந்ததும் தங்கை நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது அவள் பொறுப்பு. உப்பு டப்பாவை ஒளித்து வைப்பதும் அவள்தான். "உங்க தங்கச்சி ஜெயிலர் வேலைக்குப் போயிருக்கலாம்" என்று என்னிடம் புகார் வரும். புகார் சொன்னவளே, தங்கை வரத் தாமதமானால் வாசலை எட்டி எட்டிப் பார்ப்பாள்.

குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் மறுபடியும் எக்கோ எடுத்தார்கள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "நார்மல்" என்றார். அவர் முகத்திலும் அடக்க முடியாத சிரிப்பு. பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மெஷினைப் பிரசவ வார்டுக்குக் கொண்டு வாங்கம்மா. அது சந்தேகப்படுற ஒவ்வொருத்தருக்கும் நான் எக்கோ எடுக்கிறேன். தப்பாச் சொன்னா சொல்லட்டும், விட்டுடக் கூடாது."

அது பலமுறை வீணாகச் சந்தேகப்பட்டது. ஆனால் நிஜமாகவே இதயம் தளர்ந்திருந்த தாய்மார்களையும் பிடித்துக் கொடுத்தது. அவர்களில் ஒருத்தி பஸ் ஓட்டுகிறவள். தனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று மாத்திரையைத் தொடவே மறுத்தாள். விஷயம் கேள்விப்பட்ட என் மனைவி, காலைப் பயிற்சியை முடித்த ஈரத் தலையோடு வார்டுக்கு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நானும் இதே மாதிரி படுத்திருந்தேங்க. இன்னிக்குக் காலைல குளத்தை நாலு தடவை நீந்திக் கடந்துட்டு வரேன். தலையைத் தொட்டுப் பாருங்க, இன்னும் காயல."

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற தங்கையைக் காட்டி, "இவங்க யாரு, டாக்டரா?" என்றாள்.

"அதுக்கும் மேல. என் நாத்தனார்" என்றாள் என் மனைவி.

பஸ் ஓட்டுகிறவள் சிரித்துவிட்டாள். மாத்திரைக்குக் கையை நீட்டினாள். தங்கை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.