மெராந்தி தோட்டத்தில் இறங்கிய விமானம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நூற்று நாற்பத்தாறு பயணிகளோடு ஜொகூர் பாரு அருகே செனாய் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய ஜெட் விமானம் ஒன்று, குளுவாங் பக்கம் சுங்கை மெராந்தி தோட்டத்துக்குள் போய் இறங்கியது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு மருந்தடிக்கும் ஒற்றை என்ஜின் விமானங்களுக்காக அந்தக் காலத்தில் போட்ட தார்ப்பாதை அது. நீளம் ஆயிரத்து நானூறு மீட்டர். வானத்தில் புகைமூட்டம். "கருவி எல்லாம் வேண்டாம், ஓடுபாதை கண்ணுக்கே தெரியுது" என்று கேப்டன் முடிவெடுத்து, அதைச் செனாய் என்று நினைத்து இறக்கியிருக்கிறார். விமானம் நின்றபோது, அதன் மூக்குக்கும் எதிரே இருந்த செம்பனைகளுக்கும் நடுவில் அறுபது மீட்டர்கூட இல்லை. யாருக்கும் அடிபடவில்லை. அது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

இறக்கியவர் கேப்டன் விசுவலிங்கம் என்று தெரிந்ததும், அதே கம்பெனியில் விமானியாக இருக்கும் கிறிஸ்டினுக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். அதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. கூலாயில் தன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே, பயணிகள் எடுத்துப் பரப்பியிருந்த வீடியோவை மூன்று முறை பார்த்தாள். அவசரப் படிக்கட்டின் கீழே ஒரு சீனப் பெண்மணி கேப்டனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கேப்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பார்த்தபோது கிறிஸ்டின் சத்தமாகவே சிரித்தாள்.

சிரிக்க அவளுக்குக் காரணம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அவளுடைய கேப்டன் தேர்வைப் பரிசோதித்தவர் விசுவலிங்கம். தேர்வில் அவள் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் தோல்வி என்று எழுதினார். அடுத்த ஆண்டும் அதையே எழுதினார். ஆபீசில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசாத மனிதர், அன்றைக்கு மட்டும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவளைத் தனியே கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்: "பிள்ளை, எல்லாருக்கும் எல்லாம் ஏலாது. தோட்டத்துப் பிள்ளையள் இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்." மூன்றாவது ஆண்டு வேறொருவர் பரிசோதித்தார். அன்றைக்கே பாஸ்.

புதன்கிழமை காலை, விமானங்களை இயக்கும் பிரிவின் தலைவர் சுகுமாறன் அவளுக்குப் போன் போட்டார்.

"மெராந்தியில இருக்கற பிளேன நீங்கதான் எடுத்துட்டு வரணும், கிறிஸ்டின். சரவாக்ல ஆறு வருஷம் கட்டையான ஓடுபாதையில ஓட்டினவங்க நீங்க. வேற ஆளு இல்ல."

"ஓடுபாதையப் பாத்தாச்சா?"

"நம்ம ஆளு நேத்தே அளந்து கையெழுத்துப் போட்டுட்டாரு. ஆள் இல்லாம, சாமான் இல்லாம, அரை மணி நேர எண்ணெயோட கெளம்புனா தாராளமாப் போயிரலாம். பத்து நிமிஷப் பயணம் லா."

வியாழக்கிழமை காலை அவளும் துணை விமானி ஜோனதனும் தோட்டத்துக்குப் போனார்கள். அதற்குள் விமானத்தை இழுத்துத் திருப்பி, வந்த திசையைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். வலது இறக்கைக்குக் கீழே, நிழலில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விசுவலிங்கம் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும்வரை அவர் விமானத்துக்குள் ஏறக்கூடாது. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்காகக் கம்பெனி அவரை அங்கே இருக்கச் சொல்லியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"உம்மையா அனுப்பினவங்கள்?" என்றார்.

"வேற யாரும் வரமாட்டேன்னுட்டாங்க, கேப்டன். நீங்க எறக்குன எடம் அப்படி."

ஜோனதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விசுவலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது உம்மால ஏலாது. நான் சுகுமாறனுக்கு மெயில் போட்டிட்டன்."

"போடுங்க. எனக்கு ஒரே ஒரு பதில் மட்டும் வேணும். எறங்கி ஓடறப்போ சக்கரத்துல எதாச்சும் தட்டுச்சா? குலுங்குச்சா? தார் எங்கயாச்சும் உள்ள போச்சா?"

அவர் அவள் கண்ணை நேராகப் பார்த்தார். "ஒண்டும் இல்லை. எல்லாம் நோர்மல்."

அளந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இறக்கியவர் ஒன்றுமில்லை என்றார். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவது என்று திட்டம். ஜோனதன் காக்பிட்டுக்குள் ஏறப் போனான். கிறிஸ்டின் மட்டும் படியில் ஒரு காலை வைத்தவள் எடுத்துவிட்டாள். என்ன தோன்றியது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் பார்த்த பார்வை கொஞ்சம் கூடுதலாக நேராக இருந்தது, அவ்வளவுதான். ஓடுபாதை முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தாள்.

முந்நூறு மீட்டர் நடப்பதற்குள் ஒரு பெண்மணி குறுக்கே வந்து நின்றாள். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் நீளக் கம்பு. தோட்டத்து மண்டோர் புஷ்பவள்ளி. பத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவள்.

"ஏம்மா, இத எப்பத்தான் எடுப்பீங்க? ரோட்டுக்கு குறுக்க கயித்தக் கட்டிட்டு போலீசு நிக்குது. வெட்டுன பழம் மூணு நாளா ரோட்டோரம் கெடந்து அழுகுது. மேனேஜர் என்னத்தான் ஏசறாரு."

"இன்னிக்கு எடுத்துருவேன்."

"எடுத்துத் தொலைங்க. பறக்க ஊரு ஆகாயத்தையே குடுத்தா எங்க வீட்டுக்குள்ள வந்துல்ல விழறீங்க."

கிறிஸ்டின் மேலே நடந்தாள். அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

ஐந்நூறு மீட்டரில் பாதையின் குறுக்கே மெல்லிய சேறு படிந்திருந்தது. இரண்டு நாளும் மாலையில் அடித்த மழை கொண்டுவந்து போட்ட சேறு. அவள் போகும் திசைக்கு வலது பக்கம் அவள் கால் கொஞ்சம் அமுங்கியது. குனிந்து கையால் வழித்தாள். அடியில் தார் நீளமாகப் பிளந்திருந்தது. விரலை விட்டால் மூன்று விரல் உள்ளே போனது. அவள் காலால் ஓங்கி மிதித்தாள். கீழே பொள்ளென்று ஒரு சத்தம்.

பின்னாலேயே வந்த புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"இங்கன அடியில தண்ணிக் கொழாயி போவுது. பழைய கொழாயி. இந்த வெடிப்பு புதுசு. திங்கக்கெழமகூட இந்தப் பக்கம் டிராக்டர் போச்சு, ஒண்ணுமில்ல."

கிறிஸ்டின் அப்படியே குந்தியபடி யோசித்தாள். அறுபது டன் எடையோடு வந்து இறங்கிய விமானத்தின் இடது சக்கரம் இந்த இடத்தில்தான் ஏறியிருக்கிறது. குழாய் நொறுங்கி, மேலே இருந்த தார் உள்ளே போயிருக்கிறது. அந்த அடி காக்பிட்டில் உட்கார்ந்திருந்தவரின் முதுகெலும்புவரை ஏறியிருக்கும். எதிர்த்திசையில் கிளம்பும் விமானத்துக்கு இது வலது சக்கரம். வேகம் தொண்ணூறு மைல் இருக்கும். சக்கரம் இதில் இறங்கினால் அதைத் தாங்கும் கால் முறிந்து, இறக்கை தரையில் உரசி, அதற்குள் இருக்கும் எரிபொருள்...

அவள் எழுந்து திரும்பி நடந்தாள். புஷ்பவள்ளியும் விடாமல் கூடவே வந்தாள். ஜோனதன் காக்பிட்டில் இருந்தான். விசுவலிங்கம் அதே நாற்காலியில், கால்மேல் கால் போட்டு இருந்தார்.

"ஐந்நூறு மீட்டர்ல தார் உடைஞ்சிருக்கு. நீங்க ஏறுனதுலதான் உடைஞ்சிருக்கு. நான் கேட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னா ஓடுபாதையையும் நான்தான் உடைச்சனான் எண்டு அதையும் சேர்த்து எழுதுவாங்கள்."

"நாங்க ரெண்டு பேரு செத்திருப்போம்!"

"சாகமாட்டீர். சக்கரம் போயிருக்கும். அவ்வளவுதான்."

"சக்கரம் போனா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது.

"போனா, அதுக்குப் பிறகு ஆரும் என்னைப் பற்றிக் கதைக்கமாட்டாங்கள்."

அவரை அடித்துவிடுவோமோ என்று கிறிஸ்டினுக்கே பயமாக இருந்தது. "எழுந்திரிங்க" என்றாள். அவர் அசையவில்லை. "எழுந்திரிங்கன்னேன்!" அந்தச் சத்தத்துக்குக் கயிற்றருகே நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். விசுவலிங்கம் மெதுவாக எழுந்தார். அவள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இருநூறு மீட்டர் நடந்து, கயிற்றுக்கு அப்பால், செம்மண் ரோட்டில் கொண்டுபோய் வைத்தாள். போலீஸ்காரரிடம், "டியா திடாக் போலே மாசுக்" என்றாள். இவரை உள்ளே விடாதீர்கள் என்று. விசுவலிங்கம் நடந்து வந்து நாற்காலியைக் கடந்து போனார். அதில் உட்காரவில்லை.

அன்றைக்கு விமானம் கிளம்பவில்லை. போனில் சுகுமாறன் கத்தினார், அவளும் கத்தினாள். வெள்ளிக்கிழமை முழுவதும் புஷ்பவள்ளியின் ஆட்கள் குழாய் போன இடத்தைத் தோண்டி, செம்பாறைக் கல்லைப் போட்டு இடித்து நிரப்பினார்கள். அதன் மேலும் கிறிஸ்டின் நம்பிக்கை வைக்கவில்லை. குழாயின் இடது பாதி உடையாமல் இருந்தது. விமானத்தின் இரண்டு பக்கச் சக்கரங்களும் அந்தப் பாதியிலேயே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஓடுபாதை நெடுக ஒரு சுண்ணாம்புக் கோடு இழுக்கச் சொன்னாள். அந்தக் கோட்டில் மூக்குச் சக்கரம் போனால், இடது சக்கரத்துக்கும் பாதையின் ஓரத்துக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் மிஞ்சும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜின்களை முழு வேகத்துக்கு ஏற்றினாள். விமானம் முழுவதும் உதறியது. பிரேக்கை விட்டாள்.

காலியான விமானம் பாய்ந்தது. கிறிஸ்டின் கோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இடது பக்கம் லாலான் புல் சக்கரத்தை ஒட்டி ஓடிவந்தது.

"எண்பது" என்று வேகத்தைச் சொன்னான் ஜோனதன்.

கல் போட்டு நிரப்பிய இடம் வலது பக்கம் செந்நிறத் திட்டாக வந்து, அடியில் போய் மறைந்தது. ஒரு சின்ன அதிர்வு. அவ்வளவுதான்.

"நூறு... நூற்றுப் பதினஞ்சு... தூக்கு!"

அவள் இழுத்தாள். செம்பனை மரங்களின் தலை கீழே போயிற்று. ஜோனதன், "அலமாக்" என்று நிம்மதியாக மூச்சை விட்டான். அதற்குப் பிறகு பத்தே நிமிடத்தில் செனாயில் இறங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஜொகூர் பாருவில் விசாரணை நடந்தது. கிறிஸ்டின் அந்த உரையாடலை ஒரு சொல் விடாமல் சொன்னாள். விசுவலிங்கத்தின் வக்கீல் எழுந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முந்திய தேர்வுத் தாள்களை மேசைமேல் வைத்தார். இரண்டு முறை இவருக்குத் தோல்வி போட்டவர் என் கட்சிக்காரர். பழைய பகையில் கதை கட்டுகிறார். விமானம் நின்ற அன்றே வீடியோவைப் பார்த்துச் சிரித்தீர்களா இல்லையா?

"சிரிச்சேன்" என்றாள் கிறிஸ்டின். அறையில் சலசலப்பு எழுந்தது. அவள் சொன்னதில் பாதி அந்த ஒரு வார்த்தையோடு போய்விட்டது என்று அவளுக்கே தெரிந்தது. இடைவேளையில் சுகுமாறன் வந்து, அந்த உரையாடலை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார். கம்பெனிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. அவள் முடியாது என்றாள்.

மதியத்துக்குப் பிறகு புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்கள். குளுவாங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். இறக்கைக்குக் கீழே என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார்கள்.

"சக்கரம் போனா தன்னப் பத்தி யாரும் பேச மாட்டாங்கன்னு இவரு சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். இவரு என்னப் பாக்கவே இல்ல. நான் நின்னது இவருக்கு ஆளாவே தெரியல."

கிறிஸ்டினைக் காட்டி, இந்தம்மாவுக்கு நீங்கள் வேண்டியவரா என்று வக்கீல் கேட்டார்.

"இவங்களா? இவங்கள எனக்குப் புடிக்கவே இல்ல. அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

விசுவலிங்கத்தின் உரிமம் ரத்தானது. தவறான இடத்தில் இறக்கியதற்கு ஆறு மாதத் தடையோடு போயிருக்கும் என்றும், உண்மையை மறைத்ததுதான் மொத்தமாகக் கொண்டுபோயிற்று என்றும் பேசிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் அவர் கிறிஸ்டினைக் கடந்து போனார். வழியை விட்டு ஒதுங்காமல் அவள் நடுவிலேயே நின்றாள். அவர் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.