சைக்கிளுக்கு மூன்று பூட்டு

பார்சல் குமாஸ்தாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. இருபது வருஷமாக ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. மூட்டை காணாமல் போனால் முதலில் இவர் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். அதனால் எந்தப் பொருளைக் கண்டாலும் நம்பரைக் குறித்துக்கொள்வார், எந்த மனுஷனைக் கண்டாலும் ஏற இறங்கப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் மனைவியோடு சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பினால் எப்படி இருக்கும்? நான்கு நாளில் அந்த அம்மாள் பார்த்த காட்சிகளைவிட, இவர் பூட்டியதையும் திறந்ததையும் பார்த்ததுதான் அதிகம். ஒரு பூட்டு போதாதென்று மூன்று. சாப்பிடப் போனால் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பார். டீ குடிக்க நின்றால் சீட்டைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொள்வார். மனைவியின் சைக்கிளுக்கு மட்டும் பூட்டே கிடையாது. அதை எவன் தொடப்போகிறான் என்ற எண்ணம்.

அவர் வண்டி அப்படியல்ல. கரும்பச்சை, கியர் வைத்தது. பத்து வருஷம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிய ரகம். போன வருஷம்தான் பழைய சாமான் சந்தையில் சல்லிசாக மாட்டியது. இன்னொன்று வாங்க இந்த ஜென்மத்தில் அவரால் ஆகாது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு லாட்ஜில் இறங்கினார்கள். எதிரே மருந்துக்கடை. கல்லாவில் இருந்த பெண் மாத்திரையை எண்ணுவதை விட்டுவிட்டு இவர் சைக்கிளையே பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து வந்தாள்.

"சார், இது எங்க வாங்கினது?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

சும்மாவாவது, கேட்பதாவது. அவள் கூட்டாளி எங்கேயோ நிற்கிறான் என்று குமாஸ்தா முடிவே கட்டிவிட்டார். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார்.

"பாவம், ஏதோ ஆசையா கேட்டுருக்கு. அதுக்குப் போய் இப்படியா?" என்றாள் மனைவி.

"உனக்கு உலகம் தெரியாது. நோட்டம் பாக்க இப்பல்லாம் பொம்பளைங்களத்தான் அனுப்புறாங்க."

மறுநாள் காலை வண்டியை வாசல் கம்பியில் பூட்டிவிட்டு, அறைச் சாவியைக் கொடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தால், அந்தப் பெண் மண்டியிட்டுப் பெடலுக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். குமாஸ்தாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"கையை எடும்மா. நேத்தே நினைச்சேன்."

சத்தம் கேட்டு லாட்ஜ் மேனேஜர் வந்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த மனைவியும் அப்படியே நின்றாள்.

"இது என்னோட வண்டி சார்," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வருஷம் முன்னாடி கடை வாசல்ல இருந்து போயிடுச்சு."

"கேட்டீங்களா மேனேஜர்? யார்கிட்ட கதை விடுறா? இதோட ஃபிரேம் நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்றேன், நீங்களே குனிஞ்சு சரிபாருங்க. ஏழு, ஒண்ணு, நாலு, நாலு..."

"ஒம்போது, ரெண்டு, சைபர், எட்டு," என்று அவள் முடித்தாள்.

குனிந்த மேனேஜர் நிமிர்ந்து தலையாட்டினார். அவள் போனில் போலீஸ் புகாரின் நகலைக் காட்டினாள். அதே எட்டு எண்கள்.

"பில் வாங்கினீங்களா?" என்றாள் மனைவி மெதுவாக.

வழியில் கண்ட அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர், வண்டியை விற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். திருட்டு வண்டியாக இருக்கலாம் என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். மூன்றாவது திறக்கவே மாட்டேன் என்றது.

"ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா சார்?" என்றாள் அவள். அவர் பதில் சொல்வதற்குள் ஏறி மிதித்துவிட்டாள். மருந்துக்கடையைத் தாண்டினாள். தெருமுனையை நெருங்கினாள், திரும்பினாள், மறைந்தாள்.

குமாஸ்தாவின் கால்கள் தானாக ஓட ஆரம்பித்தன. மனைவி சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"அவங்க வண்டிய அவங்க எடுத்துட்டுப் போறாங்க. நீங்க எதுக்கு ஓடுறீங்க?"

குமாஸ்தா நின்றார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.