துப்பாத கூட்டம்

1977ஆம் ஆண்டு ஜூன் ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, அரசியின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டு விழாவன்று மாலை ஐந்து மணிக்கு, தெற்கு லண்டனின் டெட்ஃபர்டில் எங்கள் தேவாலயக் கூடத்தைத் திறந்துவிட்டேன். சாவியும் பொறுப்பும் என்னுடையவை. பாட வந்தவர்கள் மூவர்: பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் டொரீன் பாஸ்க், கிட்டார் வாசிக்கும் அவள் தம்பி கிளைவ், டிரம்ஸ் அடிக்கும் நெவில்.

தெருவில் இவர்களைப் 'பங்க்', அதாவது உருப்படாத பொறுக்கிகள், என்று ஏசினார்கள். இவர்களோ அதையே சட்டையில் எழுதிக்கொண்டார்கள். கிளைவுக்குக் கிட்டாரில் மூன்று பிடிகளே தெரியும். அதற்குமேல் கற்றவர்கள் பெரிய அரங்குகளுக்குப் போய், ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுத்து, பிறந்த தெருவை மறந்துவிட்டார்கள் என்பது டொரீனின் வாதம். அவளுடைய கிழிந்த சட்டையில் ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. தைத்துத் தருவதாகச் சொன்னேன்.

"கிழிச்சதே நான்தான், மிஸஸ் ஹாலம்."

விழாவைப் பழித்து அவள் எழுதிய பாட்டின் ஒரு வரியில் இரண்டு எதிர்மறைகள் வந்தன. அவை சேர்ந்தால் 'வேண்டாம்' என்பது 'வேண்டும்' என்றாகிவிடும் என்று திருத்தப் போனேன். "ஆகட்டுமே. வேணும்தானே எங்களுக்கும்" என்றாள்.

அன்று நண்பகல் தெருவிருந்தில் இறைச்சிக்கடை ரெஜ் என் மேசைக்கு வந்தான். முழங்கால் வரை நீண்ட கோட்டு, எண்ணெய் தடவி வாரிய தலை; பங்க் ஆட்களைக் கண்டாலே அடிக்கப் பாயும் அவன் கும்பலுக்கு அதுவே சீருடை. தேநீரை என் பக்கம் மரியாதையாக நகர்த்திவைத்தான். "அந்தப் பாட்ட மட்டும் பாட வேணாம்னு சொல்லிவைங்க, மிஸஸ் ஹாலம். பாடினா, வந்தபடி திரும்பிப் போகமாட்டா." முந்தைய வாரம் வேறொரு பங்க் குழுவின் இளைஞனுடைய கன்னத்தை அவன் ஆட்கள் கத்தியால் கீறியிருந்தார்கள். டொரீனிடம் சொன்னேன். சிரித்தாள்.

டொரீன் குழுவின் ரசிகர்கள் கைதட்டுவதில்லை. மேடையை நோக்கித் துப்புவார்கள். அதுவே பாராட்டு. அருவருப்பை அடக்கிக்கொண்டு வாளியும் துடைப்பமும் எடுத்துவைத்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. கூடம் நிறைந்திருந்தது. மேடை உலர்ந்தே கிடந்தது. ஒருவரும் அசையவில்லை.

டொரீன் ஓரத்துக்கு வந்து குனிந்தாள்.

"யாரும் துப்பல."

"நல்லதாயிற்றே" என்றேன்.

"நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள இல்ல, மிஸஸ் ஹாலம்."

அப்போதுதான் பார்த்தேன். சுவர் நெடுக நீண்ட கோட்டுகள். வாசற்கதவின் தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது. ரெஜ் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றான். அவனுக்குப் பின்னால் கதவை வெளியிலிருந்து பலர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைப் பக்கம் பின்கதவு உண்டு; மூவரும் உடனே போய்விட வேண்டும் என்றேன். கிளைவ் அக்காவைப் பார்த்தான். அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னிக்கு போயிட்டா, நாளைக்கு நான் எந்தத் தெருவுல நடக்கணும்னு அவன்தான் சொல்லுவான்."

முடிவு இவ்வாறு எடுக்கப்பட்டது. தம்பியும் நெவிலும் விரும்பினால் போகலாம், இருவரும் விரும்பவில்லை. நான் பின்கதவைத் திறந்து, வெளியில் நிற்பவர்களைச் சமையலறை வழியாக உள்ளே அழைத்து வருவேன். அடுத்த பாட்டு அந்தப் பாட்டே. அவர்கள் வந்து சேரும்வரை டொரீன் காத்திருக்க மாட்டாள்.