வளைவில் ஒரு ஹாரன்

வீடு பார்க்கக் கிளம்பும் முன் தையல்காரி தன் புருஷனுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். "நல்லா இருக்குன்னு மட்டும் வாயைத் திறந்திடாதீங்க. விலை ஏறிடும். ஏதாவது குறை சொல்லுங்க."

டவுன் பஸ் ஓட்டும் அந்த மனிதருக்குக் குறை சொல்லத் தெரிந்தால்தானே! ஓட்டை பஸ்ஸையே தங்கம் என்று தட்டிக்கொடுப்பவர். அதிலும் இந்த வீட்டின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். கடைத்தெரு தாண்டி வரும் வளைவில், பச்சை ஜன்னல் வைத்த வீடு. காலை முதல் நடையில் அந்த ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை அசையும். இவர் ஹாரன் அடிப்பார். யாருடைய கை என்று இதுவரை தெரியாது. ஆனாலும் அன்றைய பொழுது நன்றாகத்தான் போகும். வாடகை வீடாக மாறி மாறி அலுத்துப்போனவருக்கு, வாங்கினால் இந்த வீடுதான்.

வீட்டுக்காரம்மா மகனோடு இருக்கப் போவதால் வீட்டை விற்கிறார். அறை அறையாகக் காட்டினார். தையல்காரி சளைக்கவில்லை. சமையலறை இருட்டு என்றாள், குளியலறைக் கதவு உரசுகிறது என்றாள். முன்னறைக்கு வந்ததும் அவளுக்கே குறை அகப்படவில்லை. ஜன்னலடியில் மெஷின் போட அளவெடுத்து வைத்தாற்போல் இடம், கொள்ளை வெளிச்சம். சமாளிக்கச் சொல்லிப் புருஷனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

அவர் சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. தெரிந்த ஒரே குறையைச் சொன்னார்.

"காலங்காத்தால ஒரு பஸ்காரன் இங்க ஹாரன் அடிக்கிறான். பெரிய தொல்லைங்க."

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. "அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடந்தப்ப இந்த ஜன்னல்லேருந்து கை காட்டுவாரு. அந்த டிரைவர் ஒருத்தர்தான் தவறாம பதில் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடின பிறகும் ஹாரன் கேட்டுச்சு. மனசு கேக்காம நான் கை காட்டினேன். இன்னிக்கு வரைக்கும் காட்டுறேன். அதைத் தொல்லைன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த வீடு இல்ல. போயிட்டு வாங்க."

வீடு கைவிட்டுப் போவது தெரிந்தும் டிரைவர் அந்த ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல்காரிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்த ஹாரனே இவருதாம்மா! குறை சொல்லச் சொன்னா, தன்னையே சொல்லிட்டு நிக்கிறாரு!"

வீட்டுக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வீடு உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. என் மகன் வீடும் உங்க ரூட்டுலதான் இருக்கு. கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி, மாடி வீடு."

இப்போதெல்லாம் வளைவில் ஹாரன் கேட்டால் தையல்காரி ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கையை ஆட்டுகிறாள். கடைசி ஸ்டாப்புக்கு முன்னால், ஈ காக்கை இல்லாத நேர் ரோட்டில், இன்னொரு ஹாரன்.

"ரோடு காலியாத்தானே கிடக்கு, யாருக்கு அண்ணே அடிக்கிறீங்க?" என்று புதிதாக வந்த கண்டக்டர் கேட்டார்.

"வீடு வாங்கினப்ப பேசின பேச்சு," என்றார் டிரைவர்.

மாடியில் ஒரு கை அசைந்தது.