மூடைக்குப் பின்னால் நின்ற தலைவர்

பள்ளிக்கூடத்து வாத்திமார் வேலை செய்வதில்லை என்பது சீனிமுகம்மது முதலாளியின் நெடுநாள் அபிப்பிராயம். வெள்ளையாக உடுத்து வருகிறார்கள், நிழலில் நிற்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இதில் வேலை எங்கே இருக்கிறது என்று அவர் மில்லில் நெல் குத்த வந்தவர்களிடமெல்லாம் கேட்பார். கல்முனைக்குத் தெற்கே கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடந்த அந்தச் சிறிய ஊரில் நெல் மில் அவருடையது ஒன்றுதான். ஆகையால் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்காதவர் யாரும் இல்லை.

இதிலே விசேஷம் என்னவென்றால், ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் சொல்லும் மூன்று வசனங்களும் அவர் இயற்றியவை. "பொய் சொல்ல மாட்டோம். பிறர் பொருளைத் தொட மாட்டோம். பெரியவர் சொல் கேட்போம்." ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதருக்கு இந்த மூன்று வசனங்களில் ஒரு தனிப் பெருமை.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதம் அவர் பெட்டிசம் என்கிற முறைப்பாட்டு மனு ஒன்று அனுப்பினார். முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் ஹாஜறா டீச்சர் மீதுதான். சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர், பாடத்துக்குப் பதிலாகப் பாட்டுப் பாடிக் காலவிரயம் செய்கிறார். புளியங்கொட்டை வைத்துப் பிள்ளைகளோடு விளையாடுகிறார். பதினொன்றரைக்கே வகுப்பை விட்டுவிடுகிறார். மூன்று குற்றச்சாட்டுகள். சங்கச் செயலாளர் தையற்காரர் அப்துல் ஹமீட் நல்ல தமிழில் எழுதிக் கொடுக்க, முதலாளி கையெழுத்து வைத்துக் கல்விக் கந்தோருக்குத் தபாலில் போட்டார்.

அடுத்த கிழமை புயல் வந்தது. தென்னை மரங்களையெல்லாம் முறித்துப் போட்ட அந்தப் புயல், பள்ளிக்கூடத்துக் கூரையையும் ஒரு ஓடு மிச்சமில்லாமல் கொண்டுபோய்விட்டது. பெட்டிசம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அதைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

தை மாதம் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். அதிபர் ஸைனுலாப்தீன் சேர் சங்கத்தைக் கூட்டினார். ஐந்தாம் வகுப்புக்கு மதரசாவின் விறாந்தை கிடைத்தது. மூன்றும் நாலும் நெசவுக் கொட்டிலுக்குப் போயின. இரண்டாம் வகுப்பை ஒருவர் தன் புது வீட்டு முன்னறைக்கு ஏற்றார். முதலாம் வகுப்பு என்றதும் எல்லாருக்கும் பள்ளிவாசல் பக்கம் ஏதோ அலுவல் ஞாபகம் வந்தது.

"ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்திரிக்காங்க," என்றார் அதிபர். "எல்லாம் புதுப் புள்ளைகள்."

தலைவர் என்ற முறையில் சீனிமுகம்மது முதலாளிக்கு ரோசம் வந்தது. "என்ட மில்லுல நெல்லு வெக்கிற அறை சும்மாதான் கிடக்கு. கூட்டி வாங்க. ஐம்பத்திரண்டு புள்ளைகள் என்ன பெரிய காரியமா?"

முதல் நாள் ஐம்பத்திரண்டு பேரும் ஒன்றாக அழுதார்கள். மில் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக்கொண்டு அந்த அழுகை தெரு முனை வரைக்கும் கேட்டது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், நான் மில்ல நிப்பாட்டவா?" என்று கேட்டார்.

"தேவல்ல காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ஹாஜறா டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உருவம், குரல் மட்டும் கணீரென்றிருக்கும். "அது பாட்டுக்கு ஓடட்டும். தாளத்துக்கு ஆகும்." சொன்னதுபோலவே இயந்திரம் தட்டுகிற தாளத்துக்குக் கைதட்டி ஒரு பாட்டைத் தொடங்கினார். மூன்றாம் நாள் அழுகை நின்றது. ஒரு கிழமைக்குள், சாக்குத் தைக்கிற ஆட்களும் 'அ, ஆ' பாடிக்கொண்டே சாக்குத் தைத்தார்கள்.

மாசியில் புது நெல் வரத் தொடங்கியது. அளக்கிறவர் காலிதீன், மரைக்காலால் அள்ளிப் போடும்போது, ஊர் வழக்கப்படி முதல் மரைக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல், நெல் பெருகட்டும் என்று, "பறக்கத்து!" என்றார்.

உள்ளேயிருந்து ஐம்பத்திரண்டு குரல்கள், "ஒண்டு!" என்றன.

காலிதீன் திடுக்கிட்டார். அள்ளியதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து மறுபடி, "பறக்கத்து!"

"ஒண்டு! ஒண்டு!"

"முதலாளி, இதுகள் என்னக் குழப்புதுகள்," என்று காலிதீன் மரைக்காலைக் கீழே வைத்தார். ஹாஜறா டீச்சர் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவருடைய வாய் ஓரத்தில் சிரிப்பு நின்றதை முதலாளி கண்டார். அதைவிட, இன்னொன்றையும் அவர் கண்டுகொண்டிருந்தார். பதினொன்றரைக்குப் பிள்ளைகளை விட்ட பிறகு டீச்சர் போவதில்லை. வெறும் சாக்கில் உட்கார்ந்து, பழைய சீமெந்துப் பேப்பரில் எழுத்துகள் வெட்டுவார். வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நடப்பார். இரண்டு மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவார். முதலாளி இதையெல்லாம் கண்டும் காணாதது போல இருந்தார். பெட்டிசம் புயலில் போயிருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டார்.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை ஜெமீல் என்ற பையன் மூக்குக்குள் நெல் ஒன்றைப் போட்டுவிட்டான். எதற்குப் போட்டாய் என்று கேட்டதற்கு, முளைக்குமா என்று பார்க்க என்றான். டீச்சர் எடுத்துப் பார்த்தார், வரவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"காக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறன். ஒரு மணித்தியாலம் புள்ளைகளப் பார்த்துக்கோங்க. அதிபர் நெசவுக் கொட்டில்ல இரிக்கார், அங்க ரெண்டு வகுப்பு, அவரால வர ஏலா."

"நீங்க போங்க டீச்சர்," என்று முதலாளி கையை வீசினார். "பன்னிரண்டு கூலியாளுகள மேய்க்கிறவன் நான்."

வாசலில் நின்று அவர் ஒரு பார்வை பார்த்தார். கூலியாட்கள் அடங்குகிற பார்வை அது. பிள்ளைகள் அதை ஆவலோடு திருப்பிப் பார்த்தார்கள். முன் வரிசையில் கமீலா என்ற சின்னப் பெண், "முதலாளி, உங்கட காதுல ஏன் முடி முளைச்சிரிக்கி?" என்று கேட்டாள்.

"வாயப் பொத்துங்க எல்லாரும்!"

ஐம்பத்தொரு பேரும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார்கள். பொத்திக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்திக்கு மூச்சு முட்டிப் புரையேறியது. ஒருவன் ஒண்ணுக்கு என்று விரல் காட்டினான். உடனே இருபது விரல்கள் உயர்ந்தன. முதலாளி எல்லாரையும் வரிசையாக்கி வேலியோரம் கூட்டிப்போனார். போகும்போது ஐம்பத்தொன்று, திரும்பி எண்ணும்போது நாற்பத்தொன்பது. தேடியபோது இரண்டு பேர் தவிட்டுக் குவியலுக்குள் கழுத்து வரைக்கும் இறங்கி, கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இழுத்துத் தட்டி உட்காரவைத்து, ஒரு கதை சொல்லலாமென்று ஆற்றில் கிடந்த முதலையின் கதையைத் தொடங்கினார். முதலை வாயைத் திறந்த இடத்தில் ஒரு பிள்ளை அழுதது. பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்து அழுதது. முதலையை அவசரமாக நோன்பு பிடிக்கவைத்து, வாயை மூடவைத்தார். அழுகை குறையவில்லை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் போய்ப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. சட்டையெல்லாம் தவிடு. எப்போதோ ஒரு பொத்தானும் போயிருந்தது.

அந்த நேரம் மில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கதவு இடுக்கால் பார்த்தார். வட்டாரக் கல்வி அதிகாரி அபுல் ஹஸன் இறங்கினார். கையில் ஒரு கோப்பு. கோப்பின் மேலேயே முதலாளியின் பெட்டிசம் குத்தியிருந்தது. புயலில் ஓடுகளும் ஓலைகளும் போயிருந்தன, அந்தக் கடதாசி மட்டும் போகவில்லை.

முதலாளி கதவிலிருந்து பின்வாங்கினார். டீச்சர் இல்லாத நேரம், குற்றம் சாட்டினவரே வகுப்பில் நிற்கிறார். என்ன சொல்வது? "புள்ளைகள்," என்று குரலைத் தாழ்த்தினார். "ஆரும் கேட்டா முதலாளி இல்லண்டு சொல்லுங்க. விளங்கிச்சா?" சொல்லிவிட்டு நெல் மூடைகளுக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

அதிகாரி உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். "உங்கட டீச்சர் எங்க?"

"ஜெமீல்ட மூக்குக்குள்ள நெல்லு போயிட்டு," என்றாள் கமீலா. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிட்டா."

"அப்ப உங்கள ஆர் பார்க்குறது?"

"முதலாளி!"

"முதலாளி எங்க?"

ஐம்பத்தொரு பேரும் மூச்சை இழுத்து, பெரியவர் சொல் கேட்டு, ஒரே குரலில் சொன்னார்கள்: "முதலாளி இல்ல!"

அதிகாரி தலையாட்டிவிட்டு வெளியே போகத் திரும்பினார். ஆனால் பொய் சொல்லவும் கூடாதே. கமீலா எழுந்து நின்றாள். "எண்டு சொல்லச் சொன்னார், சேர். அங்க மூடைக்குப் பின்னால இரிக்கார்."

சீனிமுகம்மது முதலாளி மூடைகளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக எழும்பினார். "அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ஒரு... எலி. எலி பார்த்தன்."

"வஅலைக்குமுஸ்ஸலாம். பிடிபட்டிச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

முதலாளி பிள்ளைகளைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவர் மேலேயே இருந்தன. "எலி இல்ல சேர்," என்றார். "ஒளிச்சன்."

அதிகாரி ஒரு மூடையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "இது உங்கட கையெழுத்துத்தானே? பாடத்துக்குப் பதிலாப் பாட்டு. இது உண்மையா?"

"உண்மைதான் சேர். ஆனா அந்தப் பாட்டுக்குள்ளதான் எழுத்து இரிக்கி. நான் அத அறியல்ல. இப்ப என்ட சாக்குத் தைக்கிறவனும் 'அ' எழுதுறான்."

"புளியங்கொட்டை விளையாட்டு?"

"அதுவும் உண்மை. விளையாட்டெண்டு பார்த்தா கணக்கு. இதுகள் எண்ணுற எண்ணுக்கு என்ட அளவுகாரன் பயப்படுறான்."

"பதினொண்டரைக்கு விடுறது?"

"அதுவும் விடுறாதான்."

"அது எங்கட சட்டம் காக்கா. முதலாம் வகுப்பு அவ்வளவு நேரந்தான்."

"எனக்குத் தெரியாது சேர். ஆனா அவ ரெண்டு மணி வரைக்கும் போறல்ல. அத நான் பெட்டிசத்துல எழுதல்ல." முதலாளி தவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டார். "நான் கால் மணித்தியாலம் பார்த்தன் சேர். என்னால ஏலா. அதக் கிழிச்சுப் போடுங்க."

"கந்தோர்க் கடதாசியக் கிழிக்க ஏலா. மீளப் பெறுறன் எண்டு இன்னொரு கடதாசி எழுதித் தாங்க."

நல்ல தமிழ் எழுத ஹமீட் பக்கத்தில் இல்லை. முதலாளி சாக்குக் கணக்குக் கடதாசி ஒன்றைத் திருப்பி, மூடையின் மேல் வைத்து, வியர்த்து வியர்த்து எழுதினார். கமீலா அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "முதலாளி, 'ம்' முக்குப் புள்ளி வெக்கல்ல." அவர் வைத்தார். "அங்கயும் வெக்கல்ல." அங்கேயும் வைத்தார். அதிகாரி முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டார்.

ஜீப் போன பிறகுதான் டீச்சர் திரும்பி வந்தார். ஜெமீல் அவர் இடுப்பிலிருந்து இறங்கி, கடதாசியில் சுற்றிய நெல்லை எல்லாருக்கும் காட்டினான். அதை யாரும் பார்க்கவில்லை. வகுப்பு முழுதும் ஒரே நேரத்தில் கத்தியது: "டீச்சர்! முதலாளி உங்களப் பத்திப் பெட்டிசம் எழுதினார்! மூடைக்குப் பின்னால ஒளிச்சார்! புள்ளி வெக்கல்ல!"

முதலாளி நிலத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போது மூடைக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாம் போலிருந்தது.

"பெட்டிசம் எனக்குத் தெரியும் காக்கா," என்றார் ஹாஜறா டீச்சர்.

"எப்படி?"

"ஹமீட் நானா அண்டைக்கு ஓடி வந்து, 'காலவிரயம்' எண்டு எழுத எந்த 'ர' போடுறதெண்டு கேட்டார். ஆரப் பத்தி எழுதுறீங்க எண்டு கேட்டன். அவருக்குப் பொய் சொல்ல வராது."

"தெரிஞ்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"என்னப் பத்தி எழுதினாலும் பிழையில்லாம எழுதட்டும் எண்டுதான். இன்னும் ரெண்டு பிழை இருந்திச்சு. அதையும் திருத்திக் குடுத்தன்." டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "அண்டு முழுக்கச் சோறு இறங்கல்ல, காக்கா. அதுவும் உண்மை," என்றார்.

"பிழை என்டதான் டீச்சர்," என்றார் முதலாளி. சபையில் பேசிப் பழகிய அந்தக் குரல் அன்றைக்கு மிகவும் சின்னதாக வந்தது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, புளியங்கொட்டைச் சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்தது. சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் சீனிமுகம்மது முதலாளி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஓர் ஆசிரியரைப் பற்றி முறைப்பாடு செய்ய விரும்பும் அங்கத்தவர், முதலில் அவருடைய வகுப்பை ஒரு மணித்தியாலம் பார்க்க வேண்டும். இரண்டு பேர் உடனே சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். அப்துல் ஹமீட் மட்டும் எழுந்தார். தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை என்றும், ஆனால் ஒரு மணித்தியாலம் என்ன பெரிய காரியமா என்றும் சொல்லி, கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே முதலாம் வகுப்புக்குள் போனார்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். தலையெல்லாம் சோக்குத் தூள், கழுத்தில் நாடா இல்லை. பிள்ளைகள் அதால் விறாந்தையை அளக்கிறார்களாம். வந்தவர் பிளேன்டியை ஒரே மூச்சில் குடித்து முடித்து, மிச்சம் நாற்பது நிமிடத்தை ஆர் பார்க்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

சீனிமுகம்மது முதலாளி சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.