தெருவுக்கு ஒரு டாக்டர்

"கையைப் பிடிச்சுப் பாரும்மா. நீ டாக்டர்தானே!" என்று எதிர்வீட்டு அத்தை அவளை அப்பாவின் கட்டிலை நோக்கித் தள்ளினாள்.

அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பக்கத்து ஊரிலிருந்து அடித்துப் பிடித்து அவள் வந்து சேரும் முன்பே அப்பா போய்விட்டார். அறையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் தெருவின் ஒரே டாக்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாய்விட்டு அழ யாரும் தயாராயில்லை.

மருத்துவப் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவள் அவள். படிக்க முடியாமல் இல்லை, பிடிக்காமல். அப்பா சண்டைகூடப் போடவில்லை. தெருவுக்குள் அவரே வாய்வார்த்தையில் அவள் படிப்பை முடித்துவைத்தார், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலையும் போட்டுக் கொடுத்தார். அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் யாராவது வைத்தியம் கேட்டு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அத்தை, நான் டாக்டர் இல்ல. பாதியிலயே விட்டுட்டேன்."

"பாவம், பெத்த அப்பாவாச்சே. துக்கத்துல என்ன பேசுறோம்னே தெரியல," என்று அத்தை அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே, "கேக்குறாங்கல்ல, பாத்துச் சொல்லிடேன்," என்றாள் அம்மா.

செத்த பிறகும் இந்த மனுஷன் விடமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. பிடித்த கையை உடனே விட மனம் வரவில்லை.

"போயிட்டாரு," என்றாள். வீடே ஓவென்று அழுதது. அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. கோபம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பிற்பகலில் சவ வண்டி வந்தது. அந்தக் குறுகிய சந்துக்குள் வந்ததே பெரும்பாடு. அப்பாவை ஏற்றிய பிறகு அதைச் சந்திலிருந்து வெளியே எடுக்க டிரைவருக்கு வரவில்லை. முன்னே போனான், பின்னே வந்தான், அத்தை வீட்டுச் சுவரை ஒரு உரசு உரசினான். ஆளாளுக்கு லெஃப்ட், ரைட் என்று கத்தினார்கள். அவன் திருதிருவென்று விழித்தான். அந்த முழி அவளுக்கு நன்றாகத் தெரிந்த முழி.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "வண்டி நகராம ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"மேடம், நீங்களா?" என்று அவன் பதறிப்போய் இறங்கினான்.

"இவளை உனக்குத் தெரியுமா?" என்றாள் அத்தை.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? எங்க டிரைவிங் ஸ்கூல் மேடம். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே இவங்கதான்."

தெருவில் நின்ற எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வண்டிக்குள் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. அவள் ஓட்டும் வண்டியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

"மெதுவா எடும்மா," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "வளைவுல திருப்பினா அவருக்குத் தலை சுத்தும்."

"சரிம்மா," என்று அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.