செல்லக்கிளி நின்ற இடத்து எறும்பு

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலிருந்து, செல்லக்கிளி ஒரே இடத்தில் ஒன்பது நிமிடம் நின்றால் அங்கே எறும்பு வந்தது. மண் தரையானாலும் சிமெண்ட் தரையானாலும் வந்தது. வெளிர் மஞ்சள் நிறம், ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். கடிக்காது, தின்பண்டம் எதையும் மொய்க்காது. அவர் பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக நிற்கும். அவர் நகர்ந்தால் கலைந்துவிடும். செல்லக்கிளிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. திருவதிகைக்குப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். முதல் நாள் எறும்பைத் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்தார். மறுநாள் மஞ்சள்தூள் போட்டார். அதற்கடுத்த நாள், நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது என்று முடிவெடுத்தார். முழங்கால் வலியால் அந்த முடிவு சனிக்கிழமையைத் தாண்டவில்லை.

அதே பள்ளியில் டெய்சி உயிரியல் ஆசிரியை. விலங்கியலில் எம்.ஃபில். படித்தவர், கணவர் பவுல்ராஜுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். ஜூலையில் ஒரு நாள் செல்லக்கிளி ஆய்வக மேசையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது எறும்புகள் மேசைக்கால் வழியாக ஏறி நுண்ணோக்கிக்குள் போய்விட்டன. அன்று செய்முறைத் தேர்வு. டெய்சி நேராக அலுவலகத்துக்குப் போய்ப் புகார் நோட்டில் பச்சை மையால் எழுதினார்: "துப்புரவுப் பணியாளர் செல்லக்கிளியால் ஆய்வகத்தில் எறும்புத் தொல்லை. உடனே நடவடிக்கை எடுக்கவும்." நடவடிக்கை என்றால் மருந்து அடிப்பார்கள் என்று நினைத்திருந்தார். நிர்வாக அலுவலர் ராஜ்மோகன் செல்லக்கிளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் டெய்சி போய்க் கேட்டபோது ராஜ்மோகன், "அது என்ன எறும்புன்னு பேரோட, ஆபத்து இல்லைன்னு எழுதிக் குடுங்க டீச்சர், திரும்ப எடுத்துக்கலாம்" என்றார். டெய்சி ஒரு வாரம் கேட்டார். செல்லக்கிளியிடமும் ஒரு வாரம் என்றே சொன்னார். புகார் எழுதியது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த வேலை முடிய ஆறு வருடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்த பிறகு குவார்ட்டர்ஸ் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் செல்லக்கிளியை உட்கார வைப்பார். பஸ் காசும் மதியச் சாப்பாடும் டெய்சியுடையது. ஒன்பதாவது நிமிடம் எறும்பு வரும். ஈரத் தூரிகையால் தொட்டெடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டு, லென்ஸின் கீழே வைத்து எண்ணுவார். எறும்பை இனம் காண ஒரு தடித்த புத்தகம் வாங்கியிருந்தார். உணர்கொம்பில் பன்னிரண்டு கணு இருந்தால் பதினைந்தாம் எண்ணுக்குப் போ, பத்து இருந்தால் இருபத்திரண்டுக்குப் போ என்று அது வழி சொல்லும். இந்த எறும்புக்குப் பதினொன்று. பதினொன்று உள்ளவற்றுக்குச் சொன்ன வழியில் போனால் இடுப்பில் ஒரு முடிச்சு இருக்க வேண்டும் என்றது; இதற்கு இரண்டு. இரண்டு முடிச்சு உள்ளவற்றில் தேடினால் கொடுக்கு வேண்டும் என்றது. இதற்குக் கொடுக்கே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் புத்தகம் அவரை முதல் பக்கத்துக்கே அனுப்பியது. எழுபது எறும்புகளின் தலையை அளந்து நான்கு நோட்டுகளை நிரப்பினார். நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், செல்லக்கிளி ஊருக்குப் புறப்பட்டதும் குப்பி காலியாகிவிடுவது. முதல் மாதம் முழுக்க மூடிதான் சரியில்லை என்று டெய்சி நம்பினார். பவுல்ராஜ் மெழுகு உருக்கி அடைத்துக் கொடுத்தும் காலியானது. ஒரு நாள் குப்பியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, எறும்பு மறைந்த நொடியில் போன் போட்டார்.

"எங்கம்மா இருக்கே?"

"முத்தாண்டிக்குப்பம் தாண்டி வந்துகினு இருக்கேன் டீச்சர். ஏன், எதுனா வுட்டுட்டு வந்துட்டனா?"

அடுத்த ஞாயிறு பஸ் அதே ஊரைத் தாண்டி நெய்வேலிப் பக்கம் வந்தபோது, குப்பிக்குள் எறும்புகள் செத்தது செத்தபடியே திரும்பக் கிடந்தன. காலொடிந்த ஒன்று, காலொடிந்தே கிடந்தது.

வேறு மாநிலத்தில் இருந்த ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை பார்சல் அனுப்பினார். மூன்று முறையும், குப்பி காலியாக வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. படங்களை அனுப்பினார், படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நடந்ததை அப்படியே எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. இதற்கிடையில் செல்லக்கிளி பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போனார். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இடம் மாற வேண்டியிருந்தது. முதலாளி பதினெட்டு நாள் பொறுத்துவிட்டு வேண்டாம் என்றார். பிறகு களை எடுக்கப் போனார். வயலில் எறும்பை யாரும் கேட்கவில்லை, ஆனால் வருடம் முழுக்கக் களை இல்லை. கொரோனா வந்தது, பஸ் நின்றது, பதினோரு மாதம் டெய்சியின் குப்பிகள் காலியாகவே இருந்தன. திரும்ப வந்த முதல் ஞாயிறு செல்லக்கிளி நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஒரு எறும்புக்குப் பேரு வைக்க இம்மா நாளா டீச்சர்? என் புள்ளைக்கு ஒரே நாள்ல வச்சிட்டோம்."

"பேரு வைக்கறதுக்கு முன்னாடி அது என்னன்னு தெரியணும்மா."

"எம் புள்ள என்னன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

டெய்சி அன்று லென்ஸை மேசையில் வைத்த வேகத்தில் அதன் விளிம்பு உடைந்தது.

2023 ஏப்ரலில் இருவரும் ரயில் ஏறி அந்த அருங்காட்சியகத்துக்கே போனார்கள். அங்கே எறும்புப் பிரிவைப் பார்த்த சிவசங்கர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர், மரியாதையானவர். காலி குப்பிக்காரர்கள் என்று தெரிந்தும் தேநீர் வரவழைத்தார். செல்லக்கிளி அவர் அறையின் டைல்ஸ் தரையில் நின்றார். தேநீர் ஆறுவதற்குள் எறும்பு வந்தது. சிவசங்கர் சட்டென்று தரையில் மண்டியிட்டார். இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எண்ணினார், அளந்தார், வரைந்தார். மூன்றாம் நாள் காலை டெய்சியை மேசைக்குக் கூப்பிட்டார். புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்றார். அதுவரை ஆறு வருடம் அடக்கி வைத்திருந்த அழுகையை டெய்சி அந்த அறையில் அழுதார்.

"மாதிரிகளை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. அது இங்க இருந்தாத்தான் பேரு செல்லும். அதான் விதி" என்றார் சிவசங்கர்.

கடிதத்தில் எழுதியதை டெய்சி மறுபடி சொன்னார். அவர் நம்பவில்லை. செல்லக்கிளி டவுன் பஸ் ஏறி நகரத்துக்கு வெளியே போனார். சிவசங்கரின் மேசைமேல் அட்டை முனைகளில் ஒட்டியிருந்த நாற்பது எறும்புகளும் ஒரே நேரத்தில் இல்லாமல் போயின. பசைப் புள்ளிகள் மட்டும் இருந்தன. அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக லென்ஸின் கீழே வைத்துப் பார்த்தார். செல்லக்கிளி திரும்பி வந்ததும் எழுந்து நின்று கேட்டார்.

"நீங்க இந்த ஊர்லயே தங்கிட முடியுமாம்மா?"

"எத்தினி நாளைக்குங்க?"

"இந்த மியூசியம் இருக்கற வரைக்கும்."

"பெர்மனென்ட்டாங்க?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். பெர்மனென்ட்டும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை, இங்கே ஆளெடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றார். செல்லக்கிளி சிரித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாயிடுச்சு டீச்சர் என்றார்.

விழுப்புரத்தில் இறங்கி நெய்வேலி பஸ்ஸில் உட்கார்ந்தபோது டெய்சி நான்கு நோட்டுகளையும் ஜன்னல் வழியே எறியப் போனார். செல்லக்கிளி கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் டெய்சி சொன்னார்.

"அன்னைக்குப் புகார் எழுதினது நான்தான்மா."

"தெரியுமே" என்றார் செல்லக்கிளி. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் டீச்சர். நிறுத்தனப்பவே அந்த ஆபீசர் நோட்ட விரிச்சிக் காட்டனாரு. பள்ளிக்கூடத்துல பச்ச மையில எழுதறது நீங்க ஒருத்தருதான்."

"அப்புறம் எதுக்கு ஆறு வருசமா நான் கூப்பிட்டப்பல்லாம் வந்தே?"

"நான் வெயில்ல காய்ஞ்சிகினு இருக்கும்போது நீங்க மட்டும் வூட்ல நிம்மதியா இருக்கலாமா? அதான். ஒரு ஞாயித்துக்கெயமகூட வுடக் கூடாதுன்னு வந்தேன்." டெய்சியின் கையை விட்டுவிட்டு, "ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே கோவம் போயிடிச்சி. பழக்கத்துல வந்துகினு இருந்தேன்" என்றார்.

மறுநாள் டெய்சி ராஜ்மோகனிடம் ஒரு தாள் கொடுத்தார். எறும்புக்குப் பெயர் இல்லை, அது யாரையும் கடித்ததில்லை, நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. ராஜ்மோகன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இத அப்பவே எழுதியிருக்கலாமே டீச்சர்."

"நீங்கதான சார் பேரு கேட்டீங்க?"

"புகார் இருந்ததால கேட்டேன். புகார் இல்லைன்னா எறும்புக்குப் பேரு எனக்கெதுக்கு?"

டெய்சி வெளியே வந்து, வகுப்புக்கு மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்றிருந்தார்.

ஜூனில் செல்லக்கிளி வேலைக்குத் திரும்பினார், கான்ட்ராக்ட்டிலேயே. ஓய்வு பெற்றுவிட்ட சிவசங்கர் வருடத்துக்கு ஒருமுறை கடிதம் எழுதி, செல்லக்கிளி இடம் பெயரும் எண்ணம் உண்டா என்று விசாரிக்கிறார். டெய்சி இல்லை என்று எழுதுகிறார். போன வருடம் செல்லக்கிளியை இரண்டாவது மாடிக்கு மாற்றினார்கள். அங்கே எறும்பு வரப் பதினொரு நிமிடம் ஆகிறது. படி ஏறி வர வேண்டியிருப்பதால் இரண்டு நிமிடம் கூடுதல்.